காலாண்டு வட்டியில் விழுந்த ஓட்டை: ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரின் நிகழ்வு ஆய்வு

சேமிப்புக் கணக்குகளுக்குக் காலாண்டு முடிவில் வட்டி வரவு வைக்கும் ஸ்டோர்டு ப்ரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து ஓட்டப்படும் நிரல்) ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். தரவுத்தளம் ஆரக்கிள், மொழி பிஎல்-எஸ்க்யூஎல் (வினவல் மொழியான எஸ்க்யூஎல்லோடு லூப் போன்றவற்றைச் சேர்த்த ஆரக்கிளின் நிரல் மொழி). இது எந்த வங்கியின் நிரலும் அல்ல. இந்த வகை நிரல்களில் ஒன்றுக்கொன்று துணையாக வரும் பிழைகளை ஒரே இடத்தில் கோத்து, ஜூலை–செப்டம்பர் காலாண்டு, 1,20,230 கணக்குகள் என்ற அளவில் அமைத்த மாதிரி. பிழை எண்களும் தரவுத்தளம் நடந்துகொள்ளும் விதமும் ஆரக்கிளில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

முதலில் கணக்கு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டி அன்றாட இருப்பின் மீது கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் கூட்டி, ஆண்டு விகிதத்தால் பெருக்கி, 36,500 ஆல் வகுத்து, கிட்டிய ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். 10,000 ரூபாய் 92 நாளும் அசையாமல் இருந்து, விகிதம் 3 சதவீதம் என்றால் வட்டி 75.616, வரவு 76 ரூபாய். இதையே நாளுக்கு நாள் கணக்கிட்டு பைசாவுக்கு முழுமையாக்கினால் ஒரு நாளுக்கு 0.82, 92 நாளுக்கு 75.44, வரவு 75 ரூபாய். எனவே முழுமையாக்குவது கடைசியில் ஒரே ஒரு முறைதான். இது நிரலாளர் தன் வசதிக்கு முடிவு செய்துகொள்ளும் விஷயம் அல்ல.

ப்ரொசீஜரின் நடுப்பகுதி இது. கட்டளைச் சொற்களும் படிக்கும் வசதிக்காகத் தமிழ் எழுத்தில் உள்ளன. க என்பது ஒரு கணக்கின் பதிவு, வி விகிதம், பெ அன்றாட இருப்புகளின் கூட்டுத்தொகை.

ஃபார் க இன் (செலக்ட் கணக்கு_எண், திட்டம், இருப்பு ஃப்ரம் கணக்கு) லூப்
  பிகின்
    திட்டம் := க.திட்டம்;
    செலக்ட் விகிதம் இன்டு வி ஃப்ரம் வட்டி_விகிதம்
      வேர் திட்டம் = திட்டம் அண்ட் ரோநம் = 1;
    செலக்ட் சம்(இருப்பு) இன்டு பெ ஃப்ரம் நாள்_இருப்பு
      வேர் கணக்கு_எண் = க.கணக்கு_எண் அண்ட் நாள் பிட்வீன் தொடக்கம் அண்ட் முடிவு;
    வட்டி := ரவுண்ட்(பெ * வி / 36500);
    இன்சர்ட் இன்டு நடவடிக்கை ...;
    அப்டேட் கணக்கு செட் இருப்பு = க.இருப்பு + வட்டி
      வேர் கணக்கு_எண் = க.கணக்கு_எண்;
    கமிட்;
  எக்ஸெப்ஷன் வென் அதர்ஸ் தென் நல்;
  எண்ட்;
எண்ட் லூப்;

கம்பைல் ஆகிறது. சோதனைத் தரவில் சரியான விடை தருகிறது. காலாண்டு இரவில் ஷெட்யூலர் "வெற்றி" என்று பதிகிறது. மறுநாள் காலை பார்த்தால், கொடுத்த வட்டிக்கான பொதுப் பேரேட்டுத் தொகையும் கணக்கு இருப்புகளில் கூடிய தொகையும் ஒத்துப்போகவில்லை. நடவடிக்கைப் பதிவு இருந்தும் சில கணக்குகளில் இருப்பு ஏறவில்லை. சில கணக்குகளுக்கு எதுவுமே நடக்கவில்லை. சிலவற்றில் விகிதமே தவறு. அடுத்த காலாண்டில் வேலை பாதியில் ஓரா-01555 என்ற ஆரக்கிள் பிழையோடு (படிக்கத் தேவையான பழைய தரவு கிடைக்கவில்லை) நின்றது. மறுபடி ஓட்டியபோது முதல் பாதிக் கணக்குகளுக்கு வட்டி இரண்டு முறை ஏறியது.

இப்படிப்பட்ட புகார் வந்ததும் பலரும் லூப்பின் வேகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது. தரவுத்தளத்துக்குள் எழுதும் நடைமுறை நிரலில் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: கமிட் (செய்த மாற்றங்களை நிரந்தரமாக்கும் கட்டளை) எங்கே நிற்கிறது? பிழை வந்தால் எந்த வேலை நீங்கும், எது தங்கும்? இந்த இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால் மெதுவான நிரலும் சரியான கணக்கைத்தான் தரும்.

விழுங்கப்பட்ட பிழை

செயல்படாத கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு டேபிளில் ஒரு ட்ரிக்கர் (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) இருக்கிறது. செயல்படாத கணக்கின் இருப்பை யார் மாற்றினாலும் அது ஒரு பிழையை எழுப்பும். நடவடிக்கை டேபிளில் இன்சர்ட் முடிந்துவிட்டது. அப்டேட் ட்ரிக்கரில் மோதி விழுகிறது. ஆரக்கிள் நீக்குவது விழுந்த அந்த அப்டேட்டை மட்டுமே. அதற்கு முன் வெற்றிகரமாக முடிந்த இன்சர்ட் நிலுவையில் அப்படியே நிற்கிறது. கட்டுப்பாடு எக்ஸெப்ஷன் பகுதிக்குப் போகிறது. அங்கே "நல்", அதாவது எதுவும் செய்யாதே. இந்தச் சுற்றின் கமிட் தாண்டப்பட்டுவிட்டது, உண்மைதான். ஆனால் அடுத்த கணக்கின் வேலை நன்றாக முடிந்து அதன் கமிட் வரும்போது, முந்தைய கணக்கின் அனாதை இன்சர்ட்டும் சேர்ந்தே உறுதியாகிவிடுகிறது. நடவடிக்கை இருந்தும் இருப்பு ஏறாத கணக்குகள் இப்படித்தான் உருவாயின.

எக்ஸெப்ஷன் பகுதி பிழையைப் பிடிக்கும். செய்த வேலையைத் திருப்பாது. ஆரக்கிளில் திருப்ப வேண்டும் என்றால் பிகினுக்கு அடுத்த வரியில் ஒரு சேவ்பாயிண்ட் (திரும்பி வருவதற்கான அடையாளம்) போட்டு, எக்ஸெப்ஷனில் அதுவரை ரோல்பேக் செய்ய, அதாவது மாற்றங்களைத் திருப்ப வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் இது நேர் எதிர். அங்கே பிஎல்-பிஜிஎஸ்க்யூஎல் (அதன் நிரல் மொழி) பிளாக்கில் எக்ஸெப்ஷன் பகுதி இருந்தால், பிழை பிடிபட்டதும் அந்த பிளாக் தரவுத்தளத்தில் செய்த எல்லா மாற்றமும் தானாகவே நீங்கிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை மாற்றுபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ட்ரிக்கரும் தவறானதே. கணக்கு செயல்படாவிட்டாலும் சேமிப்பு வட்டி முறைப்படி வரவு வைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தடுக்க வேண்டியது அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைத்தான். பிழை வெளியே தெரிந்திருந்தால் ட்ரிக்கரின் கோளாறு முதல் இரவே பிடிபட்டிருக்கும்.

"வென் அதர்ஸ் தென் நல்" என்று எழுதுவதை எந்தச் சூழலிலும் ஏற்கக் கூடாது என்பதே எங்கள் நிலை. இதைக் கண்டுபிடிக்கக் கருவியும் உண்டு: பிஎல்எஸ்க்யூஎல்_வார்னிங்ஸ் அளவுருவை இயக்கிவிட்டு கம்பைல் செய்தால், ரெய்ஸ் இல்லாமல் முடியும் அதர்ஸ் பகுதிகளை ஆரக்கிள் பிஎல்டபிள்யூ-06009 என்ற எச்சரிக்கையால் காட்டிக்கொடுக்கும். பழைய நிரல் முழுவதையும் ஒரு முறை இப்படி கம்பைல் செய்து பார்ப்பது அரை நாள் வேலைதான்.

பெயர் மோதல்

"வேர் திட்டம் = திட்டம்" என்ற வரியில் இடப்பக்கம் டேபிளின் புலம். வலப்பக்கம் உள்ளூர் மாறி என்று எழுதியவர் நினைத்தார். எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒரே பெயரில் புலமும் மாறியும் இருந்தால் ஆரக்கிளில் புலத்துக்கே முன்னுரிமை. எனவே அது புலத்தை அதே புலத்தோடு ஒப்பிடுகிறது. மதிப்புள்ள எல்லாப் பதிவும் தேறிவிடும். சோதனையில் ஒரே ஒரு திட்டம் இருந்ததால் ஒரே பதிவு வந்தது, எல்லாம் சரியாகத் தெரிந்தது. உண்மைத் தரவில் பல திட்டங்கள். ஓரா-01422, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு. அந்தப் பிழை சொன்னது முழு உண்மை. அதைக் கேட்காமல் யாரோ "ரோநம் = 1" (முதலில் கிடைக்கும் ஒரே பதிவு போதும்) சேர்த்து வாயடைத்தார்கள். அன்றிலிருந்து வங்கிப் பணியாளர் கணக்குக்கு உரிய 1 சதவீதக் கூடுதல், கையில் முதலில் கிடைத்த பதிவைப் பொறுத்து எல்லோருக்கும் போகலாம், யாருக்கும் போகாமலும் இருக்கலாம்.

மருந்து எளிது. அளவுருக்களுக்கு ஒரு முன்னொட்டு, உள்ளூர் மாறிகளுக்கு வேறொரு முன்னொட்டு, விதிவிலக்கே இல்லாமல். மாறியின் வகையை டேபிள் புலத்தின் %டைப் கொண்டு அறிவிப்பதும் நல்லது. புலத்தின் அளவு மாறும்போது நிரலில் கைவைக்க வேண்டியிருக்காது. போஸ்ட்கிரெஸ் 9.0 முதல் இப்படிப்பட்ட மோதலைக் கண்டதும் பெயர் தெளிவில்லை என்று பிழை தந்து நிறுத்திவிடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு பொறி உண்டு: அங்கே செலக்ட் இன்டுவில் "ஸ்ட்ரிக்ட்" சேர்க்காவிட்டால் பல பதிவு வந்தாலும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஒன்றும் வராவிட்டால் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வைக்கும். பிழையே வராது.

நல், பழைய இருப்பு

செலக்ட் இன்டுவில் பதிவு கிடைக்காவிட்டால் ஓரா-01403 வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சம் இருக்கும் செலக்டில் அது வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குரூப் பை இல்லாத சம், ஒரு பதிவும் இல்லாவிட்டாலும், நல் என்ற ஒற்றை மதிப்போடு ஒரு வரியைத் தரும். நல்லை எதனால் பெருக்கினாலும் நல். தொகைப் புலம் நாட்-நல் என்றால் இன்சர்ட் ஓரா-01400 இல் விழும். அதையும் அதர்ஸ் விழுங்கிவிட்டது. எதுவுமே நடக்காத கணக்குகள் இவைதான். நாட்-நல் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இருப்பே நல் ஆகியிருக்கும்.

அப்டேட் வரியில் இதைவிட ஆபத்தான ஒன்று ஒளிந்திருக்கிறது. க.இருப்பு என்பது கர்சர் (வினவலின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) திறந்த நேரத்து இருப்பு. வேலை 11 மணிக்குத் தொடங்கி, ஒரு கணக்கின் முறை 11:40க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 11:25க்கு வாடிக்கையாளர் ஏடிஎம்மில் 2,000 எடுத்திருந்தால், பழைய இருப்போடு வட்டியைக் கூட்டி எழுதும் இந்த வரி அந்த 2,000ஐ அவருக்கே திருப்பித் தந்துவிடும். அவர் பணம் போட்டிருந்தால் அது காணாமல் போகும். "இருப்பு = இருப்பு + வட்டி" என்று, வலப்பக்கமும் டேபிளின் புலமாகவே எழுதினால் இந்தச் சிக்கல் கிடையாது. அப்டேட் நடக்கும் கணத்தின் உண்மை இருப்போடு வட்டி கூடும். வேறொருவர் அந்தப் பதிவைப் பூட்டியிருந்தால் அவர் முடிக்கும்வரை காத்திருந்து கூடும்.

லூப்புக்குள் கமிட்

ஆரக்கிள் ஒரு கர்சரை எந்தக் கணத்தில் திறந்ததோ, அந்தக் கணத்தின் தரவையே கடைசிவரை காட்டும். இடையில் மாறிய பிளாக்குகளின் பழைய வடிவத்தை அன்டூவிலிருந்து (மாற்றத்துக்கு முந்தைய தரவு வைக்கப்படும் இடம்) மீட்டெடுக்கும். இங்கே கர்சர் படிக்கும் டேபிளும் லூப் மாற்றும் டேபிளும் ஒன்றே. ஒவ்வொரு கமிட்டும் "இந்த மாற்றத்துக்கான அன்டூ இனி எனக்குத் தேவையில்லை" என்று அறிவிக்கிறது. ஆனால் தேவைப்படுவது அதே நிரலின் கர்சருக்குத்தான். அன்டூ_ரிடென்ஷன் இயல்பு மதிப்பு 900 நொடி, அதாவது 15 நிமிடம். அதைத் தாண்டி ஓடும் கர்சருக்குத் தேவையான அன்டூ மேலெழுதப்பட்டிருந்தால் ஓரா-01555.

அந்தப் பிழையை உள் பிளாக்கின் அதர்ஸ் ஏன் விழுங்கவில்லை? பதிவை எடுத்துவரும் ஃபெட்ச், லூப் தலைப்பில் நடக்கிறது; உள் பிகின்–எண்டுக்கு வெளியே. இந்த நிரலில் வெளிவந்த ஒரே உண்மையான பிழை அது ஒன்றுதான்.

ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் போடச் சொல்லும் காரணம் வழக்கமாக "அன்டூ நிரம்பிவிடும்" என்ற பயம். 1,20,230 பதிவு அப்டேட் ஆவது வங்கி அளவிலான தரவுத்தளத்துக்குப் பெரிய சுமையே அல்ல. இடம் போதாவிட்டால் அன்டூ டேபிள்ஸ்பேஸைப் பெரிதாக்க வேண்டும். பரிவர்த்தனையை உடைப்பது தீர்வல்ல.

கர்சரில் ஃபார் அப்டேட் (எடுக்கும் பதிவுகளைப் பூட்டும் சொல்) சேர்த்தால் சரியாகும் என்று முயல்பவர்களுக்கு ஓரா-01002 காத்திருக்கிறது. கமிட் பூட்டுகளை விடுவித்துவிடுவதால் அதற்குப் பிறகு அந்தக் கர்சரிலிருந்து பதிவு எடுக்க முடியாது.

திருத்திய அமைப்பு

புதிய அமைப்பின் மையம் வட்டி_பதிவு என்ற டேபிள்: கணக்கு எண், காலாண்டு முடிவு, நாள் எண்ணிக்கை, முழுமையாக்காத வட்டி, முழுமையாக்கிய வட்டி, நிலை. கணக்கு எண்ணும் காலாண்டு முடிவும் சேர்ந்து யுனிக். மறுபடி ஓட்டினால் இரட்டை வரவுக்கு வழியே இல்லை, ஓரா-00001 தடுத்துவிடும்.

கணக்கீட்டுக்கு லூப்பே வேண்டாம். நாள்_இருப்பில் 92 நாளுக்கும் பதிவு இருந்தால் மொத்தம் 1,10,61,160 பதிவுகள். அவற்றை வட்டி_விகிதத்தோடு திட்டத்தாலும் நடைமுறைத் தேதியாலும் இணைத்து, கணக்கு வாரியாகக் கூட்டி, ஒரே இன்சர்ட்–செலக்டில் எழுதிவிடலாம். இடையில் விகிதம் மாறியிருந்தாலும் நாள் வாரியான இணைப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. விகிதம் இல்லாத திட்டத்தின் கணக்குகள் சாதாரண இணைப்பில் சத்தமில்லாமல் விடுபடும். விகிதத் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அந்த நாட்கள் இரண்டு முறை கூடும். நாள் எண்ணிக்கைப் புலம் இதற்காகத்தான்: கணக்கு டேபிளோடு ஒப்பிடும்போது காலாண்டு முழுவதும் இருந்த ஒவ்வொரு கணக்குக்கும் அது 92 ஆக இருக்க வேண்டும் (பதிவே இல்லாவிட்டால் 0 என்று எண்ண வேண்டும்); குறைந்தாலும் கூடினாலும் வரவு வைக்கும் கட்டத்துக்குப் போகாமல் ரெய்ஸ்_அப்ளிகேஷன்_எரர் கொண்டு நிறுத்திவிட வேண்டும். அதற்கான எண் வரம்பு -20000 முதல் -20999 வரை.

வரவு வைக்கும் கட்டத்தில்தான் நடைமுறை நிரலுக்கு உண்மையான வேலை. காரணம், ஒரு கணக்கின் கோளாறு மற்றவற்றைத் தடுக்கக் கூடாது. கோளாறு எது என்றும் தெரிய வேண்டும். நிலை "கணக்கிட்டது" என்று உள்ளவற்றில் 500ஐ, ரோநம் கட்டுப்பாட்டோடும் ஃபார் அப்டேட்டோடும், பல்க் கலெக்ட் (பல பதிவுகளை ஒரு தொகுப்பில் எடுக்கும் வசதி) மூலம் ஒரே வீச்சில் எடுக்கிறோம். எதுவும் வராவிட்டால் லூப் முடிகிறது. வந்தால் ஃபோர்ஆல் (தொகுப்பு முழுவதற்கும் ஒரே வீச்சில் ஓடும் கட்டளை) கொண்டு இருப்பை அப்டேட் செய்கிறோம், பிழை வந்தாலும் நிற்காமல் தொடரச் சொல்லும் சேவ் எக்ஸெப்ஷன்ஸ் சேர்த்து. கோளாறுள்ளவை தனியே சேர்ந்து கடைசியில் ஓரா-24381 ஆக வரும். எஸ்க்யூஎல்%பல்க்_எக்ஸெப்ஷன்ஸில் ஒவ்வொன்றின் இடமும் பிழை எண்ணும் இருக்கும்; அந்த எண் கழித்தல் குறி இல்லாமல் இருக்கும் என்பதால் எஸ்க்யூஎல்எரர்எம்முக்குக் (பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ஃபங்ஷன்) கொடுக்கும்போது குறியை நாமே சேர்க்க வேண்டும்.

ஃபோர்ஆல் பிழை சொல்லாத ஒரு தோல்வியும் உண்டு. கணக்கு மூடி நீக்கப்பட்டிருந்தால் அப்டேட் பூஜ்ஜியம் பதிவைத் தொடும். எஸ்க்யூஎல்லின் பார்வையில் அது வெற்றியே. எஸ்க்யூஎல்%பல்க்_ரோகவுண்ட்டில் 1 இல்லாத எதையும் கோளாறாகவே எண்ண வேண்டும். கோளாறானவற்றின் நிலையைப் "பிழை" என்று மாற்றுவது கட்டாயம். மாற்றாவிட்டால் அடுத்த சுற்றில் அவையே மறுபடி வரும், லூப் முடியவே முடியாது. பிறகு அவற்றைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டு, மீதிக்கு நடவடிக்கை இன்சர்ட், நிலை மாற்றம், அதன்பின் கமிட். நீக்கிய இடங்கள் தொகுப்பில் காலியாக நிற்பதால் ஃபோர்ஆலை 1 முதல் கவுண்ட் வரை ஓட்டினால் ஓரா-22160 வரும். பதிவு உள்ள இடங்களில் மட்டும் ஓடும் இண்டிசஸ் ஆஃப் பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டாம் பகுதியில் பிழை வந்தால் அந்த 500ஐயும் ரோல்பேக் செய்து ரெய்ஸ்.

ஒவ்வொரு சுற்றும் புதிய செலக்ட் என்பதால் கமிட்டைத் தாண்டிப் பதிவு எடுக்கும் கர்சரே இல்லை. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

திறந்த கர்சரையும் லிமிட்டையும் (ஒரு முறைக்கு எத்தனை பதிவு என்ற வரம்பு) வைத்தே எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபெட்சுக்கு அடுத்த வரியில் "எக்ஸிட் வென் %நாட்ஃபவுண்ட்" போடும் பழக்கம் இங்கே பணத்தைத் தின்னும். 500க்குக் குறைவாக வந்ததுமே %நாட்ஃபவுண்ட் உண்மையாகிவிடும். 1,20,230 கணக்கில் 240 முழுத் தொகுதிகள் போக மீதி 230 கணக்குகள் எடுக்கப்பட்டும் செயலாக்கப்படாமல் விடுபடும். சோதனையில் 1,000 கணக்கு வைத்தால் தெரியாது. 500ஆல் மீதியின்றி வகுபடும். வெளியேறும் நிபந்தனை தொகுப்பின் கவுண்ட் பூஜ்ஜியமா என்பதாக இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். பழைய நிரல் கணக்குக்கு நான்கு எஸ்க்யூஎல் வீதம் 4,80,920 முறை பிஎல்-எஸ்க்யூஎல் இயந்திரத்திலிருந்து எஸ்க்யூஎல் இயந்திரத்துக்குத் தாவியது. புதியதில் 241 தொகுதிகள், தொகுதிக்கு நான்கு வாக்கியம், ஆயிரத்துக்கும் குறைவு. பல்க் கலெக்டை லிமிட்டோ ரோநம்மோ இல்லாமல் எழுதி எல்லாவற்றையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றுவது மட்டும் கூடாது. அது அந்த செஷனின் பிஜிஏவில் (அதற்கு மட்டுமான நினைவகம்) போய் உட்காரும்.

பிழைப் பதிவுக்குத் தனி ப்ரொசீஜர், அட்டானமஸ் ட்ரான்ஸாக்‌ஷன் ப்ராக்மாவோடு. அது தனிப் பரிவர்த்தனையாக ஓடுவதால், முதன்மை வேலை ரோல்பேக் ஆனாலும் பிழைக் குறிப்பு தங்கும். முடிவில் கமிட்டோ ரோல்பேக்கோ இல்லாவிட்டால் ஓரா-06519 வரும். கணக்கு எண், பிழை எண், டிபிஎம்எஸ்_யுடிலிட்டியின் ஃபார்மட்_எரர்_பேக்ட்ரேஸ் மூன்றையும் எழுத வேண்டும். கடைசியானது இல்லாமல் எந்த வரியில் விழுந்தது என்று தெரியாது. அட்டானமஸுக்குள் கணக்கு டேபிளைத் தொடக் கூடாது. தாய்ப் பரிவர்த்தனை பூட்டிய பதிவையே அது கேட்டால் ஓரா-00060, அதாவது ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை.

போஸ்ட்கிரெஸில் இதே அமைப்பை எழுத 11ஆம் பதிப்பு முதல் வந்த ப்ரொசீஜர் வேண்டும். ஃபங்ஷனுக்குள் கமிட் செய்ய முடியாது. எக்ஸெப்ஷன் பகுதி உள்ள பிளாக்குக்குள்ளும் கமிட் நடக்காது. எனவே தொகுதி வேலையை ஓர் உள் பிளாக்கில் முடித்துவிட்டு, கமிட்டை அதற்கு வெளியே வைக்க வேண்டும். வட்டியை நியூமரிக் (துல்லியமான பதின்ம எண்) வகையில்தான் கணக்கிட வேண்டும். ரவுண்ட், நியூமரிக்கில் 0.5ஐ மேலே ஏற்றும். டபுள் ப்ரிசிஷனில் (தோராயமான இரும எண்) பெரும்பாலான கணினிகளில் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 76.5 ஒன்றில் 77, மற்றதில் 76.

சோதனைத் தரவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: இரண்டு திட்டங்கள், விகிதமே இல்லாத மூன்றாவது திட்டம், நாள்_இருப்பில் பதிவே இல்லாத கணக்கு, செயல்படாத கணக்கு, தொகுதி அளவால் வகுபடாத எண்ணிக்கை, ஓடும்போதே வேறொரு செஷனிலிருந்து பணம் எடுப்பது, பாதியில் செஷனைக் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டுவது. கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்கெனவே சேதமான கணக்குகளைத் திருத்தும்போது இருப்புப் புலத்தை நேரடியாக அப்டேட் செய்யவே கூடாது. தொடக்க இருப்போடு நடவடிக்கைகளைக் கூட்டி, இப்போதைய இருப்போடு ஒப்பிட்டு வேறுபாட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். கணக்கு, காலாண்டு வாரியாக வட்டி நடவடிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றுக்கு இரண்டாவது பட்டியல். சரியான வட்டியைப் புதிய முறையில் பழைய காலாண்டுக்கும் கணக்கிட்டு வைத்தால் விகிதம் தவறியவை மூன்றாவது பட்டியலாக வரும். கணக்கியல் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகு, கூடுதலாகப் போனதற்கு எதிர்ப்பதிவும் குறைந்ததற்கு வரவும், அசல் நடவடிக்கை எண்ணைக் குறிப்பிட்டுப் போட வேண்டும். நடவடிக்கை இருந்தும் இருப்பு ஏறாத கணக்குகளில், முதலில் அனாதை நடவடிக்கையை எதிர்ப்பதிவால் நீக்கிவிட்டே சரியான வரவைப் போட வேண்டும். இந்த எதிர்ப்பதிவு இருப்பைத் தொடக் கூடாது. அசல் நடவடிக்கையும் அதைத் தொடவில்லை. பழைய காலாண்டுகளை வட்டி_பதிவுக்குள் ஏற்றும் வேலை இவை எல்லாம் முடிந்த பிறகுதான். யுனிக் கட்டுப்பாட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தரவை முதலில் ஏற்றினால், இரட்டைப் பதிவு ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் ஆரக்கிள் ஓரா-02299 சொல்லி அதைச் சேர்க்க மறுத்துவிடும்.